ஒத்திகை அறையில் எழுத்தாளருக்கு என்ன வேலை?

வாசகர் கேள்வி, 2025 பிப்ரவரி 2

அண்மையில் நான் பார்த்த இரண்டு மூன்று புதிய நடனப் படைப்புகளின் அறிவிப்புகளில் நடன அமைப்பாளரின் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எழுத்தாளரின் பெயரும் இருந்தது. படைப்பு உருவாகும்போதே இருவரையும் இணைத்துவிடுகிறார்களாம். ஆடத் தெரிந்தவருக்குப் பக்கத்தில் ஆடத் தெரியாத ஒருவர் உட்கார்ந்து என்ன சொல்லிவிட முடியும்? சொல் போதாத இடத்தில்தானே ஆட்டம் தொடங்குகிறது? எனக்கு இது மானிய விண்ணப்பத்துக்கான அலங்காரமாகத்தான் படுகிறது. அப்படி ஒரு வேலையில் இருந்ததாக நீங்கள் முன்பு சொன்னீர்கள். மறுக்க முடியுமானால் மறுங்கள்.

2025 பிப்ரவரி 3, காலை

பாதி மறுக்கிறேன். மானிய விண்ணப்பத்தில் என் பெயர் அழகாகத்தான் இருந்தது. அந்தப் பாதியை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவரான ஒரு பரதநாட்டிய நடன அமைப்பாளரோடு என்னை இணைத்தார்கள். கரு, சிங்கப்பூரின் டோபி காட். இன்று வடக்கு-தெற்கு, வடகிழக்கு, வட்ட ரயில் பாதைகள் மூன்றும் சந்திக்கும் அந்த இடத்தின் பெயர் இந்தி மொழியில் சலவைக்காரர் படித்துறை என்று பொருள்படும். இப்போது ஸ்டாம்ஃபர்ட் கால்வாயாகிவிட்ட ஓடையில் இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் துணி வெளுத்தார்கள். பக்கத்துப் புல்வெளியில் உலர்த்தினார்கள். இதை எட்டுப் பெண்களை வைத்து ஒரு மணி நேர நடனமாக்க வேண்டும். என் வேலை பாடல் எழுதுவது என்று நினைத்துக்கொண்டு, முதல் சந்திப்புக்கே 28 வரிகளை எழுதி எடுத்துச் சென்றேன். அதில் "காலநதி" இருந்தது, "நினைவின் ஈரம்" இருந்தது, "வரலாற்றின் கறை" இருந்தது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அவர் ஒருமுறை உரக்கப் படித்தார். இரண்டாம் முறை படிக்கும்போது கைகள் தாமாக மேலே எழுந்தன. பாதியில் நின்று கீழே இறங்கின. "அக்கா, இந்த வரியில என் கையில என்ன இருக்கு?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் இல்லை. 28 வரிகளில் ஒரு வரியில்கூட யார் கையிலும் எதுவும் இல்லை. ஒரு வாளி இல்லை, சோப்பு இல்லை, கல் இல்லை, துணிகூட இல்லை. சலவைக்காரர்களைப் பற்றி நான் எழுதிய பாட்டில் துணி இல்லாமல் போனது எப்படி என்று எம்ஆர்டியில் வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். வழியில் டோபி காட்டிலேயே ரயில் மாற வேண்டியிருந்தது.

2025 பிப்ரவரி 3, இரவு

காலையில் சொல்ல விட்டது. "சொல் போதாத இடத்தில் ஆட்டம் தொடங்குகிறது" என்பது கேட்க நன்றாக இருக்கிறது, பரதநாட்டியத்துக்குப் பொருந்தாது. அங்கே பதம், வர்ணம் என்ற பாடல் வகைகள் சொல்லின் மேல்தான் நிற்கின்றன. பொருளற்ற தூய ஆட்டத்துக்கும் தாளத்துக்கான ஓசைச் சொற்களாகிய ஜதி இருக்கிறது, அதைச் சொற்கட்டு என்றே அழைக்கிறார்கள். ஒத்திகை அறைக்குள் நான் நுழைவதற்கு முன்பே அங்கே ஓர் எழுத்தாளர் தாளக்கட்டையோடு உட்கார்ந்திருந்தார். அவர் ஜதி சொல்லி ஆட்டத்தை நடத்தும் நட்டுவனார். என்னைவிட அவருடைய சொற்கள் எல்லாருக்கும் நன்றாகப் புரிந்தன.

2025 பிப்ரவரி 6

இது மேல்நாட்டு மோஸ்தர் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதையை எடுத்துப் பாருங்கள். மாதவி அரங்கேறுவதற்கு யார் யாரெல்லாம் தேவை, ஒவ்வொருவருக்கும் என்ன தகுதி வேண்டும் என்று இளங்கோ வரிசையாகச் சொல்கிறார். முதலில் ஆடலாசான், அடுத்து இசையாசிரியன், மூன்றாவதாகக் கவிஞன். தண்ணுமைக்காரரும் குழலோனும் யாழாசிரியனும் அதற்குப் பிறகுதான் வருகிறார்கள். கவிஞனுக்குத் தமிழ் முழுதும் தெரிந்திருக்க வேண்டும் என்பதோடு நிறுத்தவில்லை. அரசருக்கான வேத்தியல், பொதுமக்களுக்கான பொதுவியல் என்ற இருவகைக் கூத்தின் நூலையும் அவன் கடைப்பிடித்திருக்க வேண்டும். இசையோன் எதை நோக்கிப் போகிறான் என்பதை உணர்ந்து அதற்கேற்பச் சொல்லை வைக்க வேண்டும். மாற்றார் சொல்லக்கூடிய வசையும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடைசித் தகுதி இந்த விவாத இழையில் எழுதுவோருக்கும் உதவும்.

ஆக, நம் மரபில் ஆட்டம் உருவாகும்போது கவிஞர் எப்போதும் அறைக்குள்ளேயே இருந்திருக்கிறார். சென்னைக் கலாக்ஷேத்திராவில் ருக்மிணி தேவி 1944இல் குற்றாலக் குறவஞ்சியை நடன நாடகமாக்கியதும் இந்த மரபின் தொடர்ச்சிதான்.

2025 பிப்ரவரி 7

நேற்று எழுதியதன் கடைசிப் பத்தியைத் திரும்பப் பெறுகிறேன். மிருதங்கம் வாசிக்கும் ஒரு வாசகர், "குறவஞ்சி பாடிய திரிகூட ராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். 1944இல் அடையாற்றில் நடந்த ஒத்திகைக்கு அவர் எப்படி வந்தார்?" என்று கேட்டிருக்கிறார். வரவில்லை. வாதத்தின் வேகத்தில் இருநூறு ஆண்டுகளைத் தாண்டிவிட்டேன்.

ஆனால் அவருடைய கிண்டல் எனக்கு வேறொன்றை விளங்கவைத்தது. பரதநாட்டியம் தன் பதங்களுக்கு க்ஷேத்ரய்யரிடமும் முத்துத்தாண்டவரிடமும் போகிறது. குறவஞ்சிக்கு ராசப்பக் கவிராயரிடம் போகிறது. அதாவது, பெரும்பாலும் இறந்த கவிஞர்களோடு வேலை செய்தே அது பழகியிருக்கிறது. இறந்த கவிஞர் வசதியானவர். ஒரு சரணத்தை விட்டுவிட்டால் கோபிக்க மாட்டார்; ஒரே வரியை எட்டு முறை திருப்பிப் பாடினாலும் மீதி வரிகள் என்ன ஆயின என்று கேட்க மாட்டார்; ஒத்திகையின்போது தேநீரும் கேட்க மாட்டார். உயிரோடு இருக்கும் எழுத்தாளர் மூலையில் வந்து உட்காரும்போது இரு தரப்புக்கும் எப்படி நடந்துகொள்வது என்றே தெரிவதில்லை. எங்களுக்குத் தெரியவில்லை. முதல் ஆறு வாரங்கள் நடன அமைப்பாளர் என்னிடம் ஒரு வரியைக்கூட வெட்டச் சொல்லவில்லை, என்னை மூத்தவளாக மதித்ததால். நானும் ஒரு அசைவைக்கூடக் கேள்வி கேட்கவில்லை, எனக்கு ஆடத் தெரியாததால். இந்த மரியாதையில் ஆறு வாரங்கள் வீணாயின.

மாணவிகளும் அவரை அக்கா என்றுதான் அழைத்தார்கள்; என்னையும் அக்கா என்றுதான் அழைத்தார்கள். அறைக்குள் யாராவது "அக்கா" என்றால் இருவரும் திரும்புவோம்.

2025 பிப்ரவரி 11

மேல்நாட்டு மோஸ்தர் என்ற பேச்சுக்கு இன்னும் முழுப் பதில் சொல்லவில்லை. அங்கே இது உண்டு, உண்மைதான். பினா பாஷ் ஜெர்மனியின் வூப்பர்டாலில் தன் நாடக நடனங்களை உருவாக்கியபோது, 1980 முதல் பத்து ஆண்டுகள் ரைமுண்ட் ஹோகே அவருடைய டிராமட்டர்காக, அதாவது படைப்பின் கட்டமைப்பைப் பார்ப்பவராக, இருந்தார். ஹோகே அடிப்படையில் இதழியல் எழுத்தாளர். பினா பாஷ் ஆட்டக்காரர்களிடம் கேள்விகளாகக் கேட்டுக் குவிப்பார். அவர்கள் பேச்சிலும் அசைவிலும் பதில் தருவார்கள். குவிந்து கிடக்கும் பதில்களுக்கு நடுவே எதற்குப் பக்கத்தில் எது வர வேண்டும் என்று பார்ப்பதற்கு எழுதிப் பழகிய ஒரு கண் தேவைப்பட்டது. கனடாவின் நடன அமைப்பாளர் கிறிஸ்டல் பைட், நாடகக்காரரான ஜொனத்தன் யங்கோடு சேர்ந்து 2015இல் ஒரு முழுநீளப் படைப்பைத் தந்தார். லண்டனின் அக்ரம் கான் 2011இல் தன் தனிநடனமான தேஷைச் செய்தபோது கதை வேலையில் கவிஞர் கார்த்திகா நாயர் இருந்தார். இந்த மூன்றிலும் எழுத்தாளர் செய்த வேலை ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள். ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார், ஒருவர் உரையாடல் எழுதினார், ஒருவர் கதை கட்டினார். "எழுத்தாளர்" என்று ஒரே சொல்லைப் போட்டுவிட்டு இணைத்துவைப்பவர்கள் இந்த வேறுபாட்டை முதல் நாளே பேசித் தீர்ப்பதில்லை. எங்களிடமும் யாரும் பேசவில்லை.

சிங்கப்பூருக்கு வெளியே போகவும் வேண்டாம். நாடகாசிரியர் குவோ பாவ் குன்னும் நடன அமைப்பாளர் கோ லே குவானும் கணவன் மனைவி. 1965இல் இருவரும் சேர்ந்து கலைப்பள்ளி தொடங்கினார்கள். அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இந்த இணைப்பு யாருடைய மானியமும் இல்லாமல் நடந்திருக்கும் என்று நான் கற்பனை செய்துகொள்வதுண்டு. சாந்தா பாஸ்கர் 1958இலேயே பட்டாம்பூச்சிக் காதலர்கள் என்ற சீனக் கதையைப் பரதநாட்டியத்தில் அமைத்தார். வேறொரு மொழியில் வாழும் கதையை முத்திரைகளுக்குள் கொண்டுவரும்போது, எந்த நிகழ்ச்சியைக் கை சொல்லும், எதைச் சொல்லாது என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும். அதுவும் எழுத்தாளரின் வேலைதான். நடன அமைப்பாளர் ஒருவரே இரண்டு வேலைகளையும் செய்தால் இரண்டாவது வேலை வெளியே தெரிவதில்லை, அவ்வளவே.

2025 பிப்ரவரி 12

சம்பளம் எவ்வளவு என்று கேட்டவருக்கு: மொத்தமாகத்தான் பேசினார்கள். 28 வரிகள் கடைசியில் ஒரே வரியாகிவிட்டதால், ஒரு வரிக்கு இவ்வளவு வாங்கிய தமிழ்க் கவிஞர் சிங்கப்பூரில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள் என்று என் கணவர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

2025 பிப்ரவரி 17

அந்த ஒரு வரி என்ன, அது எப்படி ஒன்றானது என்று பலர் கேட்டுவிட்டீர்கள். நீண்ட கதை.

இங்கே புதிய நடனப் படைப்பு எப்படித் தயாராகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இது விளங்கும். எங்கள் குழுவில் வழக்கம் இதுதான்: பாடலைச் சென்னையில் உள்ள ஓர் இசையமைப்பாளருக்கு அனுப்புவார்கள், அவர் ராகமும் தாளமும் அமைப்பார், பாட்டு, நட்டுவாங்கம், மிருதங்கம், வயலின், புல்லாங்குழல் எல்லாம் அங்கேயே ஒலிக்கூடத்தில் பதிவாகி ஒரு கோப்பாக வந்து சேரும், அந்தக் கோப்புக்கு இங்கே பிள்ளைகள் ஆடிப் பழகுவார்கள். பதிவு முடிந்துவிட்டால் ஒரு சொல்லை மாற்றுவதானாலும் மறுபடி பாடகரைக் கூப்பிட வேண்டும், கூடத்துக்கு வாடகை கட்ட வேண்டும். அதனால் யாரும் மாற்ற மாட்டார்கள். எழுத்தாளரை இணைக்கிறோம் என்று சொல்லிவிட்டு, இரண்டாம் மாதத்தில் பதிவுக்கு நாள் குறித்திருந்தார்கள். அதன் பிறகு ஆறு மாதம் ஒத்திகையில் நான் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

நடன அமைப்பாளர் பதிவை மூன்று மாதங்கள் தள்ளிவைத்தார். எங்கள் இணைப்பில் உருப்படியாக நடந்த முதல் காரியம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அதைச் செய்தவர் அவர், நானல்ல. அந்த மூன்று மாதங்களும் பாட்டே இல்லாமல், தட்டுக்கழியின் சத்தத்துக்கு மட்டும் ஒத்திகை நடந்தது.

முதலில் ஒரு சிக்கல் தெரிந்தது. எட்டுப் பெண்களில் ஒருத்தியும் வாழ்க்கையில் துணியைக் கல்லில் அடித்ததில்லை. எல்லாரும் வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீடுகளில் பிறந்தவர்கள். வீட்டில் சலவை இயந்திரம். சில வீடுகளில் அதை இயக்கவும் பணிப்பெண். துணியைப் பற்றி அவர்கள் உடம்புக்குத் தெரிந்த ஒரே வேலை, ஈரத்துணி கோத்த மூங்கில் கழியைச் சன்னலுக்கு வெளியே நீட்டி அதற்கான குழாயில் செருகுவது. கீழே யாராவது நடக்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பது, கழியின் பாரம் முன்னால் இழுக்கும்போது இடுப்பைப் பின்னால் கொடுப்பது, எல்லாமே அவர்களுக்கு அத்துப்படி. அதையே அடவாக, ஆட்டத்தின் அடிப்படை அசைவாக, ஆக்கத் தொடங்கினார் நடன அமைப்பாளர். நான் என் பங்குக்கு, ஊரில் என் பாட்டி ஆற்றில் துணி அடித்ததை நடித்துக் காட்டினேன். நான் ஆடிய ஒரே முறை அதுதான். அடிக்கும்போது பாட்டி வாயிலிருந்து "உஷ்" என்று ஒரு மூச்சு வரும். துணியை ஓங்கும்போது ஓசை இருக்காது. அந்த ஓசையில்லாத இடம் ஒவ்வொரு முறையும் ஒரே நீளமாக இருக்காது, துணி கனமானால் நீளும். நட்டுவனார் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான்கு நான்காக எண்ணும் சீரான சதுஸ்ர நடையை விட்டுவிட்டு, வேட்டிக்கு ஒரு கணக்கு, படுக்கை விரிப்புக்கு ஒரு கணக்கு என்று வேறு வேறு நடைகளில் ஜதி சொல்லிப் பார்த்தார். கனமான துணிக்கு ஏழு ஏழாக எண்ணும் மிஸ்ரம் வந்து உட்கார்ந்தது.

இதற்கிடையில் ஒரு சண்டையும் வந்தது. டோபி காட்டில் வெளுத்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். எங்கள் கையில் எட்டுப் பெண்கள். வரலாற்றைப் பொய்யாக்கக் கூடாது என்றேன் நான். பதத்தில் ஆண் நட்டுவனார் நாயகியாக அபிநயம் பிடித்தபோது யார் வரலாறு பேசினார்கள் என்றார் அவர். இரண்டு ஒத்திகைகளுக்கு நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. என் பழைய வரிகளில் "வெளுத்தவன்" என்று இருந்தது. அவர் "வெளுத்தவள்" என்று மாற்றிக் கேட்டார். மூன்றாவது ஒத்திகையில், எட்டுப் பெண்களும் திரும்பி நின்று கைகளை மட்டும் பக்கவாட்டில் காட்டும் ஒரு கோர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து பார்த்தால் ஆண் கையா பெண் கையா என்று தெரியவில்லை என்பதைக் கவனித்தேன். அன்று இரவு எழுதியது இது:

யார் அழுக்கோ, யார் துறையோ, வெளுத்த கை யார் கையோ.

அவனும் இல்லை, அவளும் இல்லை. கையில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு, கையே இருக்கிறது. மூன்று "யார்" வருவதால் ஒவ்வொரு முறையும் வேறொருவரைக் காட்ட இடம் கிடைத்தது: துரைமார் வீட்டுச் சட்டை, மருத்துவமனைப் படுக்கை, தன் பிள்ளையின் ஒரே பாவாடை. ஓகாரம் நெடிலாக இருப்பதால் பாடகர் அங்கே நிற்கலாம், நிற்கும் நேரத்தில் சஞ்சாரி, அதாவது ஒரே வரியைப் பல விதமாக அபிநயித்துக் காட்டுவது, விரியலாம். மீதி 27 வரிகளையும் நானே எடுத்துவிட்டேன். அவர் வெட்டச் சொல்லவில்லை என்பதை இங்கே பதிந்துவைக்கிறேன். எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை, கொண்ட ஆதி தாளத்தில், பாட்டின் தொடக்கத்தை அரை இடம் தள்ளி வைத்து, அந்த ஒரே வரி பதினெட்டு நிமிடங்கள் ஓடியது. கதையில் அடுத்தடுத்து நிகழ்ச்சி வைத்துப் பழகிய எனக்கு, ஒரே வாக்கியம் பதினெட்டு நிமிடம் தாங்கும் என்பதே புதுச் செய்தி.

இசையமைப்பாளர் முதலில் சோக ராகமான முகாரியில் போட்டு அனுப்பினார். சலவைக்காரர்கள் என்றால் அழுதுகொண்டே இருப்பார்களா என்று தொலைபேசியில் கேட்டேன். இரண்டு நாள் கழித்து ஆனந்தபைரவி வந்தது.

2025 பிப்ரவரி 18

"ஓகாரம் நெடில் என்பதைச் சொல்ல எழுத்தாளர் எதற்கு, பாடகருக்கே தெரியுமே" என்று ஒருவர். தெரியும். ஆனால் பாடகரிடம் போய்ச் சேரும்போது அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு வல்லின ஒற்று உட்கார்ந்திருந்தால், அவருக்குத் தெரிந்து என்ன செய்வது?

2025 பிப்ரவரி 23

குறிப்பேட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒத்திகையைப் பார்த்துக் குறிப்பெடுப்பதுதான் எழுத்தாளரின் உண்மையான வேலை என்று ஒருவர் வாதாடியிருந்தார். நானும் அப்படி நம்பித்தான் மூன்று நோட்டுப் புத்தகங்களை நிரப்பினேன்.

ஐந்தாம் மாதத்தில் நடன அமைப்பாளர், "மூணாவது வாரம் ஒருத்தி ஈரத்துணியக் கீழ போட்டா இல்லையா, அத எப்படிச் செஞ்சோம்னு உங்க புத்தகத்துல பாருங்கக்கா" என்றார். பார்த்தேன். "துணி விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அழகான கணம்" என்று எழுதியிருந்தேன். எந்தக் கையிலிருந்து விழுந்தது, எத்தனையாவது அட்சரத்தில், முழங்காலை மடக்கி அரைமண்டியில் இருந்தாளா நிமிர்ந்து நின்றாளா, ஒன்றும் இல்லை. என் உணர்ச்சியைப் பதிந்திருந்தேன்; அவளுடைய அசைவு அதில் இல்லை. அன்றிலிருந்து வலது, இடது, கணக்கு என்று எழுதப் பழகினேன். பிறகுதான் தெரிந்தது, அதையெல்லாம் பிள்ளைகளின் கைப்பேசிக் காணொளி என்னைவிட நன்றாகப் பதிந்து வைத்திருக்கிறது.

அப்படியானால் புத்தகம் எதற்கு? இதற்கு இன்னும் எனக்கு உறுதியான பதில் இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன். காணொளியில் கைவிடப்பட்ட அசைவு இருக்கிறது. ஏன் கைவிட்டோம் என்பது இல்லை. ஏழாம் மாதக் களைப்பில், முன்பே வேண்டாமென்று ஒதுக்கிய ஒரு முடிவை அவர் மறுபடி புதிதாகக் கண்டுபிடித்து மகிழ்ந்தபோது, நான் பக்கத்தைத் திருப்பி அன்று அவரே சொன்ன காரணத்தைப் படித்துக் காட்டினேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அந்த முடிவை மறுபடி ஒதுக்கிவிட்டார்.

ஒரு விபத்தும் உண்டு. வாடகைக்கு எடுத்திருந்த கூடத்தின் ஆட்டத்தரை வெளிர் சாம்பல் நிறம். என் பேனா திறந்த நிலையில் உருண்டு போய் ஒரு மாணவியின் குதிகாலில் மிதிபட்டது. கறையை நீக்கக் கூடத்துக்குக் கட்டிய தொகையை நான்தான் கொடுத்தேன். சலவையைப் பற்றிய நடனத்தில் நீங்காத ஒரே கறை என்னுடையது என்று நட்டுவனார் அந்த ஆண்டு முழுவதும் சொல்லிச் சிரித்தார்.

2025 மார்ச் 2

மொழி பற்றி. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காட்டினர்தான் வீட்டில் தமிழை அதிகம் பேசுகிறார்கள். எங்கள் எட்டுப் பேரில் ஐந்து பேர் என் ஒரு வரியைக்கூட ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துத்தான் படித்தார்கள். அரங்கில் தமிழ் தெரியாதோர் பாதிக்கு மேல் இருப்பார்கள் என்பதால், தொடக்கத்தில் ஆங்கிலப் பின்னணிக் குரல் வேண்டும் என்று நடன அமைப்பாளர் கேட்டார். நான் கடுமையாக எதிர்த்தேன். குரல் வந்து "இது ஒரு படித்துறை" என்று சொல்லிவிட்டால், பிறகு எட்டுப் பேர் எதற்கு அதைக் கையால் சொல்ல வேண்டும் என்பது என் வாதம். நிகழ்ச்சி ஏட்டில் ஒரு பத்தி போதும் என்று முடிவானது. நான் வென்றேன்.

முதல் காட்சியன்று எனக்குப் பின்வரிசையில் இருந்த ஒருவர் தம் நண்பரிடம் ஆங்கிலத்தில், "அரிசி களைகிறார்கள்" என்று விளக்கிக்கொண்டிருந்தார். பதினெட்டு நிமிடமும் அரிசிதான் களைந்தார்கள் அவருக்கு. வேடிக்கை என்னவென்றால், அதே ஓடைக்கரையில் உலர்த்திய அரிசியால்தான் பிராஸ் பாசா என்ற பெயர் வந்தது என்பார்கள். மலாய் மொழியில் ஈர அரிசி என்று பொருள். எனவே அவர் முழுத் தவறும் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வெற்றியைப் பற்றி நான் இப்போது அவ்வளவு உறுதியாகப் பேசுவதில்லை. இன்று கேட்டால், குரல் வேண்டாம், ஆனால் நிகழ்ச்சி ஏட்டின் பத்தியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் நுழைவாயிலிலேயே பெரிய எழுத்தில் ஒட்டிவையுங்கள் என்பேன். விளக்கணைந்த அரங்கில் ஏட்டை யார் படிக்கிறார்கள்?

2025 மார்ச் 9

நடன அமைப்பாளர் இந்த இழையை முழுதாகப் படித்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார். மூன்று திருத்தங்கள் சொன்னார். அப்படியே தருகிறேன்.

முதலாவது, "கையில என்ன இருக்கு" என்று கேட்டது அவரல்லவாம். குழுவில் சின்னவள், பதின்மூன்று வயதுக்காரி, மூலையிலிருந்து கேட்டாளாம். அவர் அதைத் திருப்பிச் சொன்னாராம். என் முதல் நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். "சிறுமி கேட்டாள்" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக இந்தக் கதையைப் பத்துப் பேரிடமாவது தவறாகச் சொல்லியிருக்கிறேன். குறிப்பேடு எதற்கு என்று சென்ற மாதம் கேட்டவர் இதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, மரியாதையால் ஆறு வாரம் வீணானது என்று நான் எழுதியது தவறாம். அவர் மரியாதையால் சும்மா இருக்கவில்லை; என் வரிகளில் எதுவும் பிடிக்காததால், எங்கே தொடங்கிச் சொல்வது என்று தெரியாமல் இருந்தாராம். இதைக் கேட்டபோது எனக்கு வலித்தது, ஆனால் நம்புகிறேன்.

மூன்றாவது, பதிவைத் தள்ளிவைத்த பெருமையை நான் முழுதும் அவருக்குக் கொடுத்துவிட்டேனாம். அவர் நாளைத் தள்ளிவைத்ததற்குக் காரணம், ஒருநாள் ஒத்திகை முடிந்து பேருந்து நிறுத்தத்தில் நான், "பாட்டு வந்துட்டா அப்புறம் நீங்க என்ன தேடுவீங்க?" என்று கேட்டதாம். எனக்கு அப்படிக் கேட்ட நினைவே இல்லை. பேருந்து நிறுத்தத்தில் நான் குறிப்பெடுக்கவில்லை.

அழைத்ததற்கு வேறு காரணமும் இருந்தது. இந்த ஆண்டு புதிய படைப்பு ஒன்றைத் தொடங்குகிறார். என்னை மறுபடி வரச் சொல்கிறார். நிபந்தனைகள் பேசினோம். பதிவுக்கு நாள் குறிக்காமல் தொடங்க வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடில்லை. எட்டாவது வாரம் வரை நான் ஒரு வரிகூட எழுதிக் கொண்டுவரக் கூடாது என்றார். நான்காவது வாரம் என்றேன். ஆறாவது வாரத்தில் வந்து நிற்கிறது. நோட்டுப் புத்தகம் கொண்டுவரலாம், ஆனால் கூடத்துக்குள் பேனா கூடாது என்கிறார். பென்சில் பரவாயில்லையா என்று கேட்டிருக்கிறேன்; நட்டுவனாரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.